1999 ஏப்ரல் 26: கணினிகள் கண் திறக்காத திங்கட்கிழமை

கணினியை ஆன் செய்கிறீர்கள். விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு யாருக்காவது இப்படி நடந்தால் "ஹார்ட் டிஸ்க் போச்சுப்பா" என்று ஒரு உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடுவோம். 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமையன்று இது லட்சக்கணக்கான கணினிகளுக்கு ஒரே நாளில் நடந்தது. தென்கொரியாவும் துருக்கியும் மிக மோசமாக அடி வாங்கின. இந்தியாவும் பங்களாதேஷும் தப்பவில்லை.

தேதியைக் கவனியுங்கள். மார்ச் 31-ல் நிதியாண்டு முடிந்து நாலாவது வாரம். வருஷக் கணக்கை முடித்து ஆடிட்டரிடம் கொடுக்கிற சமயம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை!

காரணம் சி.ஐ.எச். என்ற வைரஸ். எழுதியவர் தைவானில் டாடுங் கல்வி நிலையத்தில் படித்த சென் இங்-ஹாவ் என்ற மாணவர். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் வைரஸின் பெயர். ஏப்ரல் 26 செர்னோபில் அணு உலை விபத்து (1986) நடந்த தேதியும் என்பதால் 'செர்னோபில் வைரஸ்' என்றும் பின்னால் அழைத்தார்கள். 1998-ல் வெளியே வந்து, விண்டோஸ் 95, 98 கணினிகளில் சத்தமில்லாமல் பரவியது. அதன் அளவு சுமார் 1 கே.பி.தான். நிரல் கோப்புகளுக்குள் இருக்கும் காலி இடுக்குகளில் தன்னைத் துண்டு துண்டாகச் சொருகிக்கொள்ளும். அதனால் கோப்பின் அளவு கூடாது, யாருக்கும் சந்தேகமும் வராது. திருட்டு சி.டி.க்களில் மட்டுமல்ல, 1999 மார்ச்சில் ஐ.பி.எம். விற்ற ஆப்டிவா கணினிகள் சிலவற்றிலும் இது ஏற்கெனவே குடியிருந்தது.

இந்தத் துணைக்கண்டத்துக்கு ஸ்டார்ட்-அப் பிரச்சினை புதிதல்ல. 1986-ல் லாகூரைச் சேர்ந்த அல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்', ஃபிளாப்பியின் பூட் செக்டாரில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். விசிட்டிங் கார்டுடன் வந்த வைரஸ்! ஆனால் அது ஹார்ட் டிஸ்க்கைத் தொடவில்லை. சி.ஐ.எச். அப்படியல்ல.

அது என்ன செய்தது என்று புரிய, கணினி எப்படி எழுகிறது என்று கொஞ்சம் பார்க்கணும். சுவிட்ச் போட்டதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப். அது ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது வெறும் 512 பைட்டைப் படிக்கும். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை அதில்தான் இருக்கிறது. அடுத்து வருவது ஃபேட் என்னும் பதிவேடு. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்ற குறிப்பு அது. லெட்ஜருக்கு இண்டெக்ஸ் மாதிரி. இண்டெக்ஸ் கிழிந்தால் பக்கங்கள் அப்படியேதான் இருக்கும், ஆனால் யார் கணக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது.

ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். இரண்டு வேலை செய்தது. டிஸ்க்கின் முதல் 1 எம்.பி.யை அழித்து எழுதியது. பிறகு பயாஸ் சிப்பையும் அழிக்கப் பார்த்தது. இரண்டாவது வேலை சில வகை மதர்போர்டுகளில் மட்டும் பலித்தது. பலித்த இடத்தில் கணினி வெறும் பெட்டிதான். சிப்பைக் கழற்றி மாற்றணும், அல்லது அதே மாதிரி வேறொரு மதர்போர்டை ஓடவிட்டு, ஓடும்போதே அதன் சிப்பைப் பிடுங்கி, செத்த சிப்பைச் செருகி மீண்டும் எழுதணும். நெஞ்சுரம் உள்ள மெக்கானிக்குகள் அதையும் செய்தார்கள்.

எனக்கு சுவாரஸ்யமாகப் படுவது முதல் வேலைதான். ஃபேட் பதிவேட்டை மைக்ரோசாஃப்ட் எப்போதும் இரண்டு பிரதியாக வைத்திருந்தது. ஒன்று கெட்டால் இன்னொன்று. ஆனால் எங்கே வைத்தார்கள்? பக்கத்திலேயே! பழைய ஃபேட்-16 முறையில் ஒரு பிரதி அதிகபட்சம் 128 கே.பி. இரண்டும் சேர்ந்தே 256 கே.பி. தாண்டாது. முதல் 1 எம்.பி. போனால் இரண்டும் ஒன்றாகப் போகும். பீரோ சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே கொத்தில் மாட்டி வைத்த கதை.

ஃபேட்-32 போட்டவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அதில் 3 ஜி.பி. டிஸ்க்குக்கு ஒரு பிரதியே சுமார் 3 எம்.பி. வரும். ஆக இரண்டாவது பிரதி ஆரம்பிக்கும் இடத்துக்கு வைரஸின் கை எட்டவில்லை. பாதுகாப்புக்காக யாரும் திட்டமிட்டதல்ல இது. டிஸ்க்குகள் பெரிதாகிவிட்டதால் பதிவேடும் பெரிதானது, அவ்வளவுதான்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் மீட்புக் கருவிகள் வந்தன. டாக்காவில் ஒரு பொறியியல் மாணவர் 'எம்ரிகவர்' என்ற சிறிய நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் 'ஃபிக்ஸ்-சிஐஎச்' வெளியிட்டார், அதுவும் இலவசம். இரண்டாவது பிரதியைத் தேடி எடுத்து முதல் பிரதியின் இடத்தில் வைத்தால் கோப்புகள் திரும்பி வந்தன. ஒரு மாணவர் கெடுத்ததை இன்னொரு மாணவர் சரிசெய்தார்.

கொடுமை என்னவென்றால், பதறிப்போய் உடனே ஃபார்மேட் செய்தவர்களுக்கு இது உதவவில்லை. ஃபார்மேட் செய்யும்போது இரண்டு பிரதிகளிலும் புதிதாகக் காலிப் பதிவேடு எழுதப்பட்டுவிடும். வைரஸ் விட்டுவைத்ததை ஃபார்மேட் முடித்து வைத்தது. இன்றும் கணினி எழாவிட்டால் கடையில் கேட்கும் முதல் கேள்வி "ஃபார்மேட் பண்ணிடலாமா?" என்பதுதான் :-)

சட்டம் பின்னால் மெதுவாக வந்தது. தைவானில் யாரும் புகார் தராததால் 1999-ல் சென் மீது வழக்கே போடவில்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல்தான் அமலுக்கு வந்தது. பிறர் கணினியில் வைரஸ் புகுத்துவது அதன் 43-ஆவது பிரிவில் இருக்கிறது.

இரண்டாவது பிரதியை எட்டி வைப்பது நம் ஊர்களில் பழைய பழக்கம். திருமழபாடி கோயிலை இடித்துக் கட்டும் முன், அங்கிருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொன்னார் ராஜராஜ சோழன். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். சுவரின் நகல் சுவரிலேயே இருந்திருந்தால் சுவரோடு போயிருக்கும். கணினி உலகம் இதற்கு வந்து சேர நாளாயிற்று. பிறகு மதர்போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப் வைக்க ஆரம்பித்தார்கள். இன்றைய கணினிகளில் உள்ள ஜி.பி.டி. முறையில் டிஸ்க்கின் பிரிவினை அட்டவணை தொடக்கத்தில் ஒன்று, டிஸ்க்கின் கடைசியில் ஒன்று என்று இரு முனைகளில் இருக்கிறது.

எங்கள் காஞ்சிபுரத்துத் தறிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஜக்கார்டு தறியில் பார்டரின் டிசைன் துளையிட்ட அட்டைகளில் இருக்கும். துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஊடை ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை என்று கோர்த்து மாலையாகத் தொங்கும். முன்பு கிராஃப் தாளில் வரைந்து துளை போட்டார்கள், இப்போது கணினியில் வரைகிறார்கள். அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் எழவே இல்லை என்றால்கூட, தறியில் தொங்கும் அட்டைகளைப் பார்த்து அந்த மயிலையும் யாளியையும் திரும்ப எடுத்துவிடலாம். டிஸ்க்குக்கு வெளியே, அட்டையில் இருக்கும் இரண்டாவது பிரதி அது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு போட்ட தறியில் அட்டை கிடையாது. டிசைன் கோப்பாக நேரே பெட்டிக்குப் போகிறது. அங்கே இரண்டாவது பிரதியை யாராவது நினைவாக எடுத்து வைத்தால்தான் உண்டு.