அயலவர் வந்த வழி: குவாட்டர்மாஸ் தொடர்கள் குறித்து

அச்சம் பிறக்கும் களன்கள் நான்கு என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் வரையறை. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. காக்கும் கடமையுடைய இறையையும் இவ்வரிசையில் ஆசிரியர் வைத்திருப்பது எண்ணத்தக்கது. இவ்வரையறையை உடன்கொண்டு, நம் மரபோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு கலைவடிவத்தைக் காண முற்படுகிறது இக்கட்டுரை. வேற்றுலகினர் பூமியைக் கைப்பற்ற வரும் கதையைப் பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி 1950களில் மூன்று முறை தொடராக ஒளிபரப்பியது. மூன்றையும் எழுதியவர் நைஜல் நீல். இயக்கியவர் ருடால்ஃப் கார்ட்டியர். மூன்றிலும் தலைமை மாந்தர் குவாட்டர்மாஸ் என்னும் அறிவியலாளர். அப்பெயரை நீல் இலண்டன் தொலைபேசிப் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இத்தகைய கதைகளின் ஈர்ப்புக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம் ஒன்றுண்டு. பனிப்போர்க் காலத்தில் அயல்நாட்டான் மீது கொண்ட அச்சமே அயல்கோளினனாக உருமாறியது என்பர். அமெரிக்கப் படங்கள் சிலவற்றுக்கு இது பொருந்தலாம். குவாட்டர்மாஸ் தொடர்களுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. கார்ட்டியர் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து சேர்ந்தவர். நீல் 1954இல் மணந்துகொண்ட எழுத்தாளர் ஜூடித் கெர், 1933இல் சிறுமியாகப் பெர்லினை விட்டுக் குடும்பத்துடன் வெளியேறியவர். நாஜிகள் எரித்த நூல்களுள் அவர் தந்தை ஆல்ஃபிரட் கெரின் நூல்களும் அடங்கும். அயலவராக வந்து சேர்ந்தோர் இவ்வாறு பங்குகொண்ட ஆக்கங்கள் அயலவரை அஞ்சச் சொல்லவில்லை. நன்கறிந்த அண்டைவீட்டார் ஒருநாள் வேறொருவராக மாறிவிடுவதையே அவை காட்டின.

முதல் தொடர் 1953 ஜூலை 18 தொடங்கி ஆறு வாரங்கள் வந்தது. 1936இல் பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிய அலெக்சாண்ட்ரா பேலஸ் கட்டடத்திலிருந்து ஒவ்வொரு பகுதியும் நேரடியாக நடிக்கப்பட்டு ஒளிபரப்பாயிற்று. விண்ணுக்கு மூவர் செல்கின்றனர். விண்கலம் திரும்பி வீழும்போது ஒருவரே உள்ளே இருக்கிறார். மற்ற இருவரின் உடைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. மீண்டவருக்கு ஜெர்மன் மொழி தெரியாது. ஆயினும் அம்மொழியில் விடை சொல்கிறார். இறந்துபட்ட தோழரின் மொழி அது! படைக்கலமின்றி, பேரோசையின்றி, ஒரு மொழிமாற்றத்தின் வழியே படையெடுப்பை அறிவித்த இடம் இது. எச்.ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக்கிய செவ்வாய்க்கோளினரின் போர்க்கதையில் நகரங்கள் பற்றியெரியும். சிறிய அரங்கில் நேரடியாக நடிப்போர்க்கு அது இயலாதது. வசதியின்மையே அச்சத்தை அருகில் கொண்டுவந்தது எனலாம்.

மீண்டவர் மெல்ல மனித உரு இழந்து தாவரத்தன்மை கொள்கிறார். இறுதியில் அவ்வுரு தென்படும் இடம் வெஸ்ட்மின்ஸ்டர் அபே. அதே ஆண்டு ஜூன் 2ஆம் நாள் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா அங்கிருந்து ஒளிபரப்பாகியிருந்தது. பலர் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியதே அவ்விழாவைக் காண்பதற்காகத்தான். மூன்று மாதம் கழியுமுன் அதே பெட்டியில், அதே வளைமாடங்களுக்கிடையே, கொடிபோல் கிளைத்த உயிர் ஒன்று தோன்றினால் எவ்வாறிருந்திருக்கும்? உண்மையில் அது அபேயின் பெரிதாக்கப்பட்ட ஒளிப்படம். அதிலிட்ட துளைகள் வழியே செடிகொடிகள் ஒட்டிய கையுறைகளுடன் அசைந்தவை நீலின் கைகள். ஐம்பது இலட்சம் பேர் அவ்விறுதிப் பகுதியைக் கண்டனர் என்பது மதிப்பீடு.

பாவலர்கள் கருதத்தக்கது இத்தொடரின் முடிவாகும். குவாட்டர்மாஸ் அவ்வுயிரைச் சொல்லால் வெல்கிறார். அதனுள் இன்னும் எஞ்சியிருக்கும் மூன்று மனிதர்களை நோக்கிப் பேசுகிறார். தாம் யார் என்பதை நினைந்து, தம்மோடு அதையும் மாய்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறார். அவர்கள் இணங்குகின்றனர். 1955இல் ஹாமர் நிறுவனம் இதைத் திரைப்படமாக்கியபோது மின்சாரம் பாய்ச்சி அவ்வுயிரைக் கொன்றது. அத்திரைப்படம் மூலத்தின் உயிர்நாடியையே அறுத்துவிட்டது.

இரண்டாம் தொடர் (1955) இறையச்சத்தின்பாற்பட்டது. ஒரு சிற்றூர் அழிக்கப்பட்டு அவ்விடத்தில் பெரிய ஆலை எழுந்துள்ளது. செயற்கை உணவு ஆலை என்கிறது அரசு. காவலர் துப்பாக்கியுடன் நிற்கின்றனர். அருகில் குடியமர்த்தப்பட்ட தொழிலாளர் நல்ல கூலி பெறுவதால் எதையும் வினவுவதில்லை. வானிலிருந்து வீழும் சிறு கற்கள் வெடித்து மனிதர் உள்ளத்தைக் கவர்கின்றன. கவரப்பட்டோரின் தோலில் ஒரு வடு தங்குகிறது. அவ்வடு உயர் அலுவலரிடமும் காணப்படுகிறது. முறையிடச் செல்லும் வாயிலெல்லாம் முன்பே கைப்பற்றப்பட்டிருக்கும் நிலையைக் காட்டிய அளவில் இத்தொடர் சிறப்புடையது. பிற்பகுதி சற்றே தொய்வுடையது என்று சொல்லத் தோன்றுகிறது.

1958 டிசம்பர் 22 முதல் 1959 ஜனவரி 26 வரை வந்த மூன்றாம் தொடரே மூன்றனுள் தலையாயது. இலண்டனில் கட்டடம் எழுப்பத் தோண்டிய குழியில் தொன்மையான மண்டையோடுகள் கிடைக்கின்றன. பின் ஓர் உலோகக் கலம். போர்க்காலத்து வெடிகுண்டு என்று முதலில் எண்ணுகின்றனர். இங்கே துப்புத் துலக்குவது மொழியாராய்ச்சி. தெருவின் பெயர் ஹாப்ஸ் லேன். பழைய பலகையில் ஓர் எழுத்து குறைந்திருக்கிறது. அவ்வடிவில் அச்சொல் பேயைக் குறிப்பது. அம்மண்ணைக் கிளறிய போதெல்லாம் பேய் கண்டதாகப் பழைய ஆவணங்கள் கூறுகின்றன. ஊர்ப்பெயராய்வில் ஈடுபட்டோர் எவரும் இப்பகுதியைச் சிலிர்ப்பின்றிக் கடத்தல் அரிது. ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் செவ்வாய்க்கோளினர் குரங்குமனிதரை மாற்றியமைத்துத் தம் இயல்பை அவர்க்கு ஊட்டிச் சென்றனர் என்பது முடிவில் தெரியவருகிறது. கூட்டத்தில் வேறுபட்டவரைக் கொன்று தூய்மை செய்யும் வெறி அவ்வியல்புகளுள் ஒன்று. கலம் விழித்ததும் இலண்டன் மக்கள் ஒருவரையொருவர் வேட்டையாடுகின்றனர். குவாட்டர்மாஸே அவ்வெறிக்கு ஆட்படுகிறார். நண்பர் ரோனிதான் அவரை மீட்கிறார். அவ்வாண்டு கோடையின் இறுதியில்தான் இலண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் மேற்கிந்தியத் தீவு மக்கள்மீது வெள்ளை இளைஞர் கூட்டம் தாக்குதல் நடத்தியிருந்தது. தொடரின் முடிவில் குவாட்டர்மாஸ் ஒரு தொலைக்காட்சி உரை நிகழ்த்துகிறார்; செவ்வாய்க்கோளினர் நாமே என்கிறார். அவ்வுரையை வீட்டிலிருந்து கேட்டோர்க்கு நாட்டிங் ஹில் நினைவு வாராதிருந்திருக்குமா? தொல்காப்பியர் கூறிய நான்கனுள் எதிலும் இவ்வச்சத்தை அடக்க என்னால் இயலவில்லை.

பின்னிரு தொடர்களும் முழுமையாக இன்று கிடைக்கின்றன. முதல் தொடரில் எஞ்சியவை இரண்டு பகுதிகளே. ஒளிபரப்பாகும்போதே திரையிலிருந்து அவற்றைப் படச்சுருளில் பதிந்தனர். இரண்டாம் பகுதியின்போது அத்திரைமேல் வந்தமர்ந்த பூச்சி ஒன்றும் பதிவாகியிருக்கிறது. ஏனைய நான்கு பகுதிகளும் ஒளிபரப்பான இரவோடு போயின. குவாட்டர்மாஸ் அபேயில் நின்று பேசிய காட்சியை இனி எவரும் காண்பதற்கில்லை. 1959இல் பெங்குவின் நிறுவனம் வெளியிட்ட நாடகப் பனுவலில் அவ்வுரை அச்சில் இருக்கிறது.