காசில் ராக் வழக்கு: காகிதத்தில் இருந்த பாதுகாப்பு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்குத் தெற்கே காசில் ராக் என்ற ஊர் உள்ளது. அங்கு வசித்த ஜெசிகா கொன்சாலெஸ், 1999-ல் விவாகரத்து வழக்கின்போது தன் கணவர் மீது நீதிமன்றத் தடையாணை பெற்றார். மே 21-ல் கிடைத்த அந்த ஆணை ஜூன் 4-ல் நிரந்தரமாக்கப்பட்டது. மனைவியையும் குழந்தைகளையும் தொந்தரவு செய்யக்கூடாது, வீட்டிலிருந்து 100 கெஜ தூரம் தள்ளியே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அவர் குழந்தைகளின் தந்தையும் ஆயிற்றே! எனவே ஒன்றுவிட்ட வார இறுதிகளிலும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் இரவு உணவுக்கும் மகள்களை அழைத்துச் செல்ல அனுமதி இருந்தது. சிக்கல் இந்த இடத்தில்தான் நுழைந்தது.

ஜூன் 22 மாலை. வீட்டுக்கு வெளியே விளையாடிக் கொண்டிருந்த 10, 9, 7 வயது மகள்கள் மூவரையும் சொல்லாமல் கொள்ளாமல் அவர் கூட்டிச் சென்றுவிட்டார். அன்றிரவு நடந்ததாக ஜெசிகா மனுவில் கூறியவை இவை. 7.30 மணிக்குப் போலீசை அழைத்தார். வந்தவர்களிடம் ஆணையைக் காட்டினார். பத்து மணி வரை பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். 8.30-க்குக் கணவரே செல்போனில், டென்வர் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் இருப்பதாகச் சொன்னார். இடம் தெரிந்துவிட்டது, ஆளை அனுப்புங்கள் என்று கேட்டதற்கும் அதே பத்து மணிப் பதில்தான். பத்து மணிக்கு மேல் அழைத்தபோது நள்ளிரவு வரை காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் 12.50-க்கு அவரே காவல் நிலையம் போனார். புகாரை வாங்கிக்கொண்ட அதிகாரி இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்!

அதிகாலை 3.20-க்குக் கணவர் அதே காவல் நிலையத்துக்கு வந்து, அன்று மாலை வாங்கிய துப்பாக்கியால் சுட்டார். போலீசார் திருப்பிச் சுட்டதில் இறந்தார். அவருடைய பிக்கப் வண்டிக்குள் மூன்று சிறுமிகளும் பிணமாகக் கிடந்தனர்.

ஆணையை மீறினால் கைது செய்ய வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொன்னது. ஆணைத் தாளின் பின்பக்கத்திலும் அது அச்சாகியிருந்தது. இதை நம்பித்தான் ஜெசிகா ஊர் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2005 ஜூன் 27-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. "வேண்டும்" என்று சட்டம் எழுதினாலும் கைது செய்வது போலீசின் விருப்புரிமையே, ஆணையை அமல்படுத்தக் கோரும் அரசியலமைப்பு உரிமை அவருக்கு இல்லை என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார். ஸ்டீவன்சும் கின்ஸ்பர்க்கும் மறுத்தனர். அவர்கள் பக்க வாதமே வலுவானதாகத் தெரிகிறது. அமல்படுத்தக் கேட்க முடியாத ஆணையை எதற்காகக் கையில் கொடுக்க வேண்டும்?

ஜெசிகா அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். அமெரிக்க அரசு தன் கடமையில் தவறியது என்று 2011-ல் ஆணையம் முடிவு செய்தது. சிறுமிகள் எப்போது, எங்கே, எப்படி இறந்தார்கள் என்பதை முழுமையாக விசாரிக்கும்படியும் பரிந்துரைத்தது. அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.