ஆயிரம் வருஷமா யாரும் எடை கட்டிப் பார்க்கல

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன கன்ஃபெஷனோட ஆரம்பிக்கிறேன். ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் லேப்ல சோனோமீட்டர் ஞாபகம் இருக்கா? மரப்பெட்டி மேல ஒரு கம்பி, முனையில தொங்கும் எடை, நடுவுல குதிச்சு விழ வேண்டிய பேப்பர் ரைடர். எனக்கு அந்த ரைடர் ஒரு தடவைகூட விழல. பக்கத்து பெஞ்ச் பையனோட ரீடிங்கைப் பார்த்து, ரூட் டி பை எல் கான்ஸ்டன்ட்டா வர்ற மாதிரி ரெக்கார்ட் நோட்ல எழுதிட்டேன். ஃபுல் மார்க்.

இதே வேலையை ஐரோப்பா ஆயிரம் வருஷத்துக்கு மேல பண்ணியிருக்கு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

இசையும் அறிவியலும் சேர்ந்த கோர்ஸ்னு இப்போ சில பல்கலைக்கழகங்கள் நடத்தும்போது, ஏதோ புது ஐடியா மாதிரி நமக்குத் தோணுது. ஆனா இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள்ல இசை ஒரு கணிதப் பாடம். எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் இந்த நாலுக்கும் சேர்த்து 'குவாட்ரிவியம்'னு பேரு. இசைக்கு முக்கியமான பாடநூல், ஆறாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல போயத்தியஸ் என்ற ரோமானிய அறிஞர் லத்தீன்ல எழுதினது. ஆக்ஸ்ஃபோர்டுலகூட அதைத்தான் படிச்சாங்க.

அந்தப் புத்தகத்துல ஒரு கதை வருது. பித்தாகரஸ் ஒரு கொல்லன் பட்டறை வழியா நடந்து போறார். சுத்தியல்கள் அடிக்கிற சத்தம் ஒண்ணுக்கொண்ணு இனிமையா சேருது. உள்ளே போய் சுத்தியல்களை எடை போட்டா 12, 9, 8, 6. பன்னிரண்டும் ஆறும் சேர்ந்தா ஆக்டேவ், அதாவது கீழ் ஸ, மேல் ஸ. பன்னிரண்டும் எட்டும்னா ஸ-ப. பன்னிரண்டும் ஒன்பதும்னா ஸ-ம. வீட்டுக்கு வந்து அதே விகிதத்துல கம்பிகள்ல எடை கட்டித் தொங்கவிட்டார், அதே ஸ்வரங்கள் வந்துச்சு. சுபம்.

கதை அழகா இருக்கு. பிரச்சனை என்னன்னா, அது நடக்கவே முடியாது. கம்பியோட அதிர்வெண் இழுவிசையோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எடையை ரெண்டு மடங்காக்கினா அதிர்வெண் 1.41 மடங்குதான் ஆகும். கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்றதா இருந்தா, மேல் ஸ வர வேண்டிய இடத்துல கிட்டத்தட்ட பிரதி மத்யமம் வந்து நிக்கும். பித்தாகரஸ் தம்புராவை இப்படி ஸ்ருதி சேர்த்திருந்தா கச்சேரியே காலி.

இதுல வேடிக்கை, எண்கள் தப்பில்ல. கம்பியோட *நீளத்தை* பாதியாக்கினா சரியா மேல் ஸ வரும். நம்ம பாஷையில சொன்னா, வேல்யூ சரி, வேரியபிள் தப்பு. பதில் சரியா வந்துட்டா யாரும் கோடைப் படிக்க மாட்டாங்க இல்லையா? அதேதான்.

சரி, ஏன் இத்தனை நூற்றாண்டு இந்தக் கதை ஓடுச்சு? ஒரு காரணம் அந்தப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கு. போயத்தியஸ் பார்வையில வாத்தியம் வாசிக்கிறவர் வெறும் வேலைக்காரர் மாதிரி. விகிதங்களைப் புத்தியால ஆராயுறவர்தான் உண்மையான இசை அறிஞர். கையில கம்பி வச்சிருந்தவரோட பேச்சு வகுப்பறைக்குள்ள எடுபடல. வகுப்பறையில இருந்தவர் கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்ல.

இதை உடைச்சவர் ஒரு லூட் வாத்தியக் கலைஞர். ஃப்ளோரன்ஸ் பக்கத்து ஆளு, பேரு வின்சென்சோ கலிலி. ஆமா, நம்ம கலிலியோவோட அப்பா. இவரோட குரு சார்லினோ, வெனிஸோட புனித மார்க் தேவாலய இசைத் தலைவர், அந்தக் காலத்துப் பெரிய இசைக் கோட்பாட்டாளர். அந்தக் குருவையே எதிர்த்து 1589-ல வின்சென்சோ ஒரு புத்தகம் போடுறார். கம்பியில எடை கட்டி ஆக்டேவ் வேணும்னா ரெண்டுக்கு ஒண்ணு போதாது, நாலுக்கு ஒண்ணு வேணும்னு அதுல எழுதுறார். நானும் முன்னாடி பழைய கதையைத்தான் நம்பிட்டு இருந்தேன், செஞ்சு பார்த்த பிறகுதான் தெரிஞ்சுதுன்னு ஒத்துக்கவும் செய்றார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

அந்தச் சோதனைகள் நடந்தப்போ மகன் கலிலியோவும் கூட இருந்திருக்கலாம்னு ஸ்டில்மன் டிரேக் என்ற வரலாற்று ஆய்வாளர் வாதிடுறார். அது அனுமானம்தான். ஆனா 1638-ல வந்த கலிலியோவோட கடைசிப் பெரிய நூல்ல இந்த நாலு மடங்கு விதி இருக்கு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1636-ல, பிரான்ஸ்ல மெர்சென் நீளம், இழுவிசை, கம்பியோட கனம் எல்லாத்தையும் சேர்த்து விதிகளா வெளியிட்டார். நான் காப்பியடிச்ச சோனோமீட்டர் எக்ஸ்பெரிமென்ட் அதுதான்!

போன ஞாயித்துக்கிழமை கடனை அடைச்சேன். ஒரு பழைய கிட்டார் கம்பி, மேஜை விளிம்பு, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் நாலு, போன்ல ஒரு ட்யூனர் ஆப். ஒரு பாட்டிலுக்கு 118 ஹெர்ட்ஸ். ரெண்டுக்கு 166. நாலுக்கு 235. துல்லியமா இல்ல, ஆனா கதை பொய்னு தெரிய இது போதும். மொத்தம் இருபது நிமிஷம் ஆச்சு.

இசையும் அறிவியலும் சேர்ந்த ஒரு கோர்ஸை யாராவது எடுக்கப் போறீங்கன்னா என் வேண்டுகோள் ஒண்ணுதான். முதல் வகுப்புல ஸ்லைடு வேண்டாம். மிருதங்கமோ வீணையோ வாசிக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டு, கணக்கு வாத்தியாருக்குச் சமமா நாற்காலி போடுங்க. குவாட்ரிவியத்துல ரெண்டு பாடமும் ஒரே வகுப்புலதான் இருந்துச்சு. அந்த ரெண்டாவது நாற்காலிதான் இல்லாமப் போச்சு.

நீங்களும் பாட்டில் கட்டிப் பாருங்க, உங்களுக்கு வந்த ரீடிங்கை அனுப்புங்க. பக்கத்து வீட்டுக்காரர் ரீடிங்கை அனுப்பாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!