மாத்தறையிலிருந்து நீர்கொழும்புக்கு: ருக்மணி தேவியின் கடைசி வழி

1978 ஒக்ரோபர் 28ஆம் திகதி. மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு நீர்கொழும்பிலிருந்த தமது இல்லத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ருக்மணி தேவி, ஜா-எலவை அடுத்த துடெல்லவில் நேர்ந்த வீதி விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55. தென்கோடியிலிருந்து கொழும்பைக் கடந்து, வீட்டை அண்மித்துக்கொண்டிருந்த வேளை அது.

சிங்களத் திரையின் முதற்பெரும் கதாநாயகி, 'கீழைத்தேயத்தின் வானம்பாடி' என்றெல்லாம் அவர் போற்றப்படுகிறார். தமிழ் வாசகர்களுள் பலர் அறியாதது அவரது இயற்பெயர்: டெய்சி ராசம்மா டேனியல்ஸ். நடுவில் நிற்கும் 'ராசம்மா'வே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தின் றம்பொடையில் கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தவர். படித்த பாடசாலைகளுள் ஒன்று வெள்ளவத்தை சென் கிளேயர்ஸ்.

கொழும்புச் செட்டிகளைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். தமிழகத்திலிருந்து வணிகத்துக்காக வந்து கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி வட்டாரங்களில் வேரூன்றிய சமூகம் இது. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாயினர். ஜிந்துப்பிட்டி புனித தோமையார் ஆலயம் இன்றும் இச்சமூகத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1859இல் 'தமிழ் புளூராக்' எழுதிப் புலவர் வரலாற்றுக்கு அடியெடுத்துக் கொடுத்த கற்பிட்டி சைமன் காசிச்செட்டி இவர்களில் ஒருவரே. பின்னர் வீட்டுமொழி ஆங்கிலமாகவும் சிங்களமாகவும் மாறிற்று. குடிசன மதிப்பீட்டில் தமிழரென்று சேர்த்து எண்ணப்பட்டவர்கள், பிற்காலத்தில் தனிப் பிரிவாகக் கணக்கெடுக்கப்படலாயினர். ராசம்மா ருக்மணியானதும் சிங்கள மேடையின் ராணியானதும் இந்த நீண்ட நகர்வின் ஓர் அங்கமென்றே நான் கருதுகிறேன். அதைத் துரோகமென்பதும், நல்லிணக்கத்தின் சின்னமென்று மாலை சூட்டுவதும் ஒரே அளவு சோம்பேறித்தனமான வாசிப்புகள்.

சிறுவயதிலேயே மேடையேறியவர், 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இசைத்தட்டொன்றில் பாடினார். புத்தகயாவைப் போற்றும் பாடல் அது. பாடியது ஒரு கிறிஸ்தவச் செட்டிப் பெண். அன்று அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. சேலத்தில் பிறந்த முகைதீன் பேக் என்ற முஸ்லிம் பாடகரின் பௌத்த பக்திப் பாடல்கள் இல்லாத வெசாக் பண்டிகையை இன்றும் நினைத்துப் பார்க்க முடியாது.

பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் ருக்மணி நடித்த நாடகமே முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ'வாக மாறிற்று. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. படமாக்கப்பட்ட இடம் மதுரை சித்ரகலா மூவிடோன். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு மைலன் தியேட்டரில் திரையிடப்பட்டது. சிங்களக் கிராமமும் சிங்கள வீடும் மதுரையில் பலகையாலும் சாயத்தாலும் எழுந்தன! அந்நாளில் கொழும்பிலிருந்து மதுரைக்கு வழி, தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மீண்டும் ரயில். 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்தப் பாதை இருந்தது. அடுத்த சில ஆண்டுகள் சிங்களப் படங்களின் பிறப்பிடம் தென்னிந்திய ஸ்ரூடியோக்களே. நாயகம் பின்னர் கொழும்பு–நீர்கொழும்பு வீதியில் கந்தானையில் ஸ்ரூடியோ அமைத்தார். கே. குணரத்தினம் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோவை உருவாக்கினார்.

இந்தப் படங்களில் கமரா அசையாது. நடிகர் மேடையில் நிற்பதுபோல் நின்று வசனம் பேசுவார், பாடுவார். ருக்மணியின் பலமே அந்தக் குரல்தான். 1956இன் இறுதியில் 'ரேகாவ' வந்தது. அரசாங்கத் திரைப்படப் பிரிவை விட்டு வெளியேறிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகிய மூவரும் கமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போயினர். உண்மையான வெயில், உண்மையான மண்பாதை, பெரும்பாலும் அறிமுகமற்ற முகங்கள். 1957இல் கான் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது.

வெளிப்புறப் படப்பிடிப்பு ருக்மணியின் காலத்தை முடித்துவைத்தது என்று எழுதுவது எளிது. அப்படிப் பலர் நினைக்கவும் கூடும். ஆனால், 'ரேகாவ' உள்ளூரில் வசூலில் தோற்ற படம். தென்னிந்தியப் பாணிப் படங்கள் அதன் பின்னரும் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தன, ருக்மணியும் அவற்றில் நடித்தார். மாறியது சந்தையைவிட ரசனையின் அளவுகோல்தான். மேடைநடை நடிப்பு 'பழையது' என்று பெயர் பெற்றது. நாற்பதை நெருங்கும் நடிகைக்கு எந்த மொழிச் சினிமாவிலும் நடப்பது அவருக்கும் நடந்தது. கதாநாயகி வேடங்கள் அருகின. குரல் மட்டும் கெடவில்லை. அந்தக் குரலுக்கு எஞ்சிய இடம் திறந்தவெளி.

1970களின் இலங்கையில் களியாட்ட விழா என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்து பிறந்த தலைமுறைக்காகச் சொல்கிறேன். நகரசபை மைதானத்தைச் சுற்றித் தகர வேலி, பீப்பாய்களின்மேல் பலகை அடுக்கிய மேடை, மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கி. ஒரே வாத்தியக்குழு மேடையை விட்டிறங்காமல் வரும் பாடகர் அனைவருக்கும் வாசிக்கும். பெயர்பெற்றவர் பின்னால்தான் வருவார், அதுவரை சனம் கலையக் கூடாது. கிளாரன்ஸ் விஜேவர்தன போன்றோர் மின்கிற்றாரோடு வளர்த்த புதிய இசையும் பைலாவும் இந்த மேடைகளில்தான் செழித்தன. நம்மவர்களில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோரின் பொப்பிசைக் காலமும் அதுவே. அந்த இளைஞர் கூட்டத்தின் நடுவே, அவர்களின் பெற்றோர் காலத்துப் பாடகி ஒருவர் சேலையுடன் வந்து நின்று பாட, சனம் எழுந்து நின்று கேட்டது.

ஆனால் இது பொழுதுபோக்காகச் செய்த வேலையல்ல. இசைத்தட்டில் பாடியதற்கு ஒருமுறை கொடுத்த பணத்தோடு கணக்கு முடிந்தது. வானொலி எத்தனை தடவை ஒலிபரப்பினாலும் பாடியவருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான வருமானம் கிடையாது. ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. மேடையேறினால் காசு, ஏறாவிட்டால் இல்லை. மாத்தறையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 160 கிலோமீற்றர், அங்கிருந்து நீர்கொழும்பு மேலும் 35க்கு மேல். அக்காலக் காலி வீதி எப்படியிருந்தது என்பதைப் பயணித்தவர்கள் அறிவர். நித்திரையின்றி, வாத்தியங்களோடு நெருக்கியடித்துக்கொண்டு வாகனத்தில் ஊர்போய்ச் சேர்வது அந்நாளைய மேடைக் கலைஞர்களின் வழமை. நாட்டின் முதற் கதாநாயகிக்கும் 55 வயதில் வேறு ஏற்பாடு இருக்கவில்லை. விபத்தைவிட இதுவே என்னை உறுத்துவது.

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் அந்த வீதியில், பாலம் கடந்தால் முதலில் வத்தளை. அதனருகே கடற்கரைப் பக்கமாக ஹெந்தளை, குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ. அப்பால் கந்தானை, நாயகத்தின் ஸ்ரூடியோ. அதன் பின் ஜா-எல. தம்மை நட்சத்திரமாக்கிய தொழிலின் இரண்டு வாசல்களையும் தாண்டித்தான் ருக்மணி துடெல்லவுக்கு வந்து சேர்ந்தார்.

ஐந்து ஆண்டுகளும் ஆகவில்லை, 1983 ஜூலையில் விஜயா ஸ்ரூடியோ தீவைத்துக் கொளுத்தப்பட்டது. உரிமையாளர் தமிழர் என்பதற்காக வைத்த தீயில், அங்கிருந்த சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள் எரிந்துபோயின. தமிழ்த் திரைப்பட இயக்குநர் கே. வெங்கட் அந்த வன்செயலில் கொல்லப்பட்டார். சிங்களப் படங்களை இயக்கியவர் அவர். குணரத்தினம் 1989இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். ராசம்மா இவை எதையும் காண இருக்கவில்லை. கண்டிருந்தால் எந்தப் பெயரில் எந்தப் பட்டியலில் அவரைச் சேர்த்திருப்பார்கள் என்று கொட்டாஞ்சேனைத் தெருக்களில் நடக்கும்போது சிலவேளை எண்ணுவதுண்டு.

ஜனவரி 21ஆம் திகதி இலங்கைச் சினிமாவின் பிறந்தநாளாக ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. அன்றைய பத்திரிகைகளில் அவரது படம் தவறாமல் வரும். கொழும்புத் தமிழ் நாளிதழ்களில் அவருக்கென ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. எம். ஜி. ஆரின் நாவலப்பிட்டிப் பிறப்பை ஆண்டுதோறும் எழுதி மகிழும் நாம், அதே மலைநாட்டில் ஆறு ஆண்டுகள் பிந்திப் பிறந்த ராசம்மாவை அவர்கள் பக்கத்து ஆளென்று விட்டுவிட்டோம்.