பதக்கம் எட்டாத பதுங்குகுழிகள்: பூனா படைகளும் முதல் உலகப் போரும்

முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற இந்தியச் சிப்பாய்கள் 11 பேர். 1911 தில்லி தர்பாரில்தான் அந்தப் பதக்கம் அவர்களுக்கும் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. பதினொருவரில் மூவர் மெசபடோமியாவில் முற்றுகைக்குள்ளான கூத் நகரை மீட்கப் போன படையினர். முற்றுகைக்குள்ளேயே ஏறக்குறைய ஐந்து மாதம் கிடந்த ஆறாம் பூனா டிவிஷனின் இந்தியர் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. பதுங்குகுழிப் போர் வீரத்தின் இயல்பையே மாற்றியது; அதை அளந்த கோல் மட்டும் மாறவில்லை என்பது என் வாதம். புணேயைத் தளமாகவோ பெயராகவோ கொண்ட படைகளின் அனுபவம் இதற்குச் சான்று.

தொடக்கம் பழைய பாணியில்தான் இருந்தது. புணேயை ஒட்டிய கட்கியைத் தளமாகக் கொண்ட பம்பாய் சாப்பர்களின் 20, 21ஆம் கம்பெனிகள் 1914 அக்டோபர் 28 அன்று பிரான்சின் நவ் ஷாப்பேலில் 47ஆம் சீக்கியப் படையுடன் சேர்ந்து ஊருக்குள் பாய்ந்தன. பாலம் கட்டவும் குழி வெட்டவும் பழக்கப்பட்டவர்கள் வீடு வீடாகத் துப்பாக்கிச் சனியனால் குத்திப் போரிட்டார்கள். அதிகாரிகள் அநேகமாக எல்லோரும் விழுந்தார்கள். தேர்ந்த கைவினைஞர்களைக் காலாட்படையாகச் செலவழித்த அந்த உத்தரவு, என் பார்வையில், வீரத்தை விட விரயத்தின் கதை.

ஒரு மாதத்துக்குள் காட்சி மாறியது. 34ஆம் பூனா குதிரைப்படையினர் குதிரைகளைப் பின்னால் விட்டுவிட்டு ஃபெஸ்டுபேரின் சேற்றுக்குழிகளில் இறங்கியிருந்தார்கள். ஜெர்மானியர் வெட்டிவந்த கிளைக்குழி ஒன்று அவர்கள் குழியை நெருங்கி, அதன் சுவரில் உடைப்பும் ஏற்படுத்தியிருந்தது. நவம்பர் 24 அன்று லெப்டினன்ட் ஃபிராங்க் டி பாஸ் அந்தக் கிளைக்குழிக்குள் நுழைந்து, எறிகுண்டுகளுக்கு நடுவே அங்கிருந்த தடுப்பை வெடிவைத்துத் தகர்த்தார். பிறகு வெட்டவெளியில் கிடந்த காயம்பட்டவர் ஒருவரை மீட்டுவந்தார். மறுநாள் அவர் கொல்லப்பட்டார். அதே ஃபெஸ்டுபேர் அருகே, டி பாஸின் அச்செயலுக்கு முந்தைய இரவில், கடுவாலைச் சேர்ந்த நாயக் தர்வான் சிங் நேகி தலையிலும் கையிலும் காயத்தோடு குழியின் வளைவு வளைவாக முன்னேறி எதிரியை விரட்டினார். இருவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பாய்ச்சல் போய், சில கஜ மண்ணுக்கான போர் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு மனிதனின் ஒரு செயலைப் பார்த்துச் சாட்சி சொல்ல ஆள் இருந்தது.

கூத்தில் அது இல்லை. பூனா டிவிஷன் என்பது பெயர்தான்; அதில் மராட்டியரோடு பஞ்சாபியர், கூர்க்காக்கள், ராஜபுத்திரர், நார்ஃபோக், டார்செட் ஆங்கிலேயரும் இருந்தார்கள். 1914 நவம்பரில் ஃபாவோவில் இறங்கி, ஓராண்டில் பாக்தாதை நெருங்கி, டெசிஃபோனில் அடிபட்டு, டைகிரிஸ் வளைவிலுள்ள கூத்துக்குத் தளபதி டவுன்ஷெண்டுடன் திரும்பியது. டிசம்பர் 7 அன்று முற்றுகை இறுகியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் துருக்கியர் மண்கோட்டையின் உடைப்பு வழியே நுழைந்தபோது, அவர்களைத் தடுத்து நிறுத்தியவர்களில் 103ஆம் மராட்டா லைட் இன்ஃபன்ட்ரியும் உண்டு. பதக்கக் கண்ணுக்குப் புலப்படும் போர் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

பின்பு வந்தது தண்ணீர். ஜனவரியில் டைகிரிஸ் பெருகி முன்வரிசைக் குழிகளை மூழ்கடித்தது. அடுத்து வந்தது பசி. குதிரைகளை அறுத்துத் தின்னும் நிலையில், இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் அந்த இறைச்சியைத் தொடவில்லை. மதத் தலைவர்களின் அனுமதி இந்தியாவிலிருந்து தந்தியில் வந்தும் பலர் அசையவில்லை. ஊருக்குத் திரும்பினால் தங்கள் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கவலை. ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி, கால் தளர்ந்த நிலையிலும் இரவுக்காவலுக்கு எழுந்தார்கள். ஏப்ரலில் நாளொன்றுக்கான மாவு சில அவுன்ஸுக்குச் சுருங்கியபோதுதான் பெரும்பாலோர் இணங்கினார்கள். இதைப் பிடிவாதம் என்று தள்ளுவது எளிது. குண்டுக்கு நின்றவர்கள் ஊர் விலக்குக்கு அஞ்சினார்கள் என்பதில் எனக்கு முரண் தெரியவில்லை. அதே குழிகளிலிருந்து எதிரிப்பக்கம் ஓடியவர்களும், தம்மையே சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. அவர்களை விலக்கிவிட்டு எழுதும் வீரவரலாறு பாதிக் கணக்கு.

வெளியே, மீட்புப்படையில், சிப்பாய் சத்தா சிங் காயம்பட்ட தன் கமாண்டரின் அருகே சிறு மண்வெட்டியால் மறைவு தோண்டி, ஐந்து மணி நேரம் தன் உடலாலேயே அவரைக் காத்தார். லான்ஸ் நாயக் லாலா தன் உடைகளைக் கழற்றி, காயம்பட்ட அதிகாரிக்குப் போர்த்தினார். நாயக் ஷாஹமத் கான் இயந்திரத் துப்பாக்கியோடு ஓர் இடைவெளியை மூன்று மணி நேரம் காத்தார். மூன்றும் அரிய செயல்கள். ஆனால் முதல் இரண்டிலும் காக்கப்பட்டவர் அதிகாரி என்பதைக் கவனிக்க வேண்டும். சாட்சியும் பரிந்துரையும் மேலிருந்தே வந்தன.

மீட்பு முயற்சிகளில் சுமார் 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் போனார்கள். 1916 ஏப்ரல் 29 அன்று ஏறக்குறைய 13,000 பேர் சரணடைந்தார்கள். டவுன்ஷெண்ட் மர்மரா கடல் தீவில் வசதியாக வைக்கப்பட்டார். படையினர் பாலைவனத்தில் நடத்தப்பட்டு, பலர் ரயில்பாதை வேலையில் மடிந்தார்கள்.

அவர்களைப் பற்றிய நெருக்கமான இந்தியப் பதிவு மருத்துவப் பணியாளர்களிடமிருந்தே வருகிறது. டிவிஷனோடு இருந்து சிறையில் இறந்த டாக்டர் கல்யாண் முகர்ஜியின் கடிதங்களை அவர் பாட்டி மோக்ஷதா தேவி 1928இல் நூலாக்கினார். ஆம்புலன்ஸ் தொண்டர் சிசிர் சர்வாதிகாரியின் ‘அபி லே பாக்தாத்’ பல பத்தாண்டுகள் கழித்தே வெளிவந்தது. இரண்டும் வங்க மொழியில்.