கூவைமலையும் கோயிற்காடும்

திருச்சிற்றம்பலம்.

கொல்லிமலையின் அடிவாரத்தில், பேளுக்குறிச்சி என்னும் இவ்வூரில், கூவைமலைமேல் பழனியாண்டவன் எழுந்தருளியிருக்கும் கோலத்தை நாம் எல்லோரும் அறிவோம். வேடர் கோலம் அது. கையிலே சேவல். அரசகோலத்து முருகனையும், ஆண்டிக்கோலத்து முருகனையும் பல தலங்களில் கண்டு வணங்கியவர்கள், இங்கே வந்து நின்றவுடன் சற்றே வியப்படைகிறார்கள். வியப்புக்கு இடமில்லை என்பது அடியேன் கருத்து. ஊரின் பெயரே குறிச்சி. குறிச்சி என்றால் குறிஞ்சி நிலத்துச் சீறூர். கூவை என்பதோ மாவெடுக்க உதவும் ஒரு கிழங்குச் செடிக்கும் பெயர். ஊர்ப்பெயரில் மலைநிலமும், குன்றின் பெயரில் ஒரு செடியும் குடியிருக்கும் இடத்தில் கடவுள் வேடனாக நிற்பதே முறை. காட்டைவிட்டு வேடனைப் பிரித்துக் காண இயலாது. ஆகவே இவ்விழா நாளில் முருகன் புகழைப் பேச வந்த அடியேன், அவன் காட்டின் வரலாற்றைப் பேசத் துணிந்தேன்.

பழந்தமிழர் முதலில் கடவுளைக் கண்ட இடம் கட்டடம் அன்று. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் முருகன் உறையும் இடங்களைச் சொல்லி வரும்போது, காட்டையும் சோலையையும் ஆற்றிடைத் திட்டையும் கடம்ப மரத்தையும் சொல்லுகிறார். கருங்கல் திருப்பணி பின்னால் வந்தது. அதற்கு முன்னும் வழிபாடு இருந்தது, மரத்தடியில் இருந்தது. அந்தப் பழைய வழிபாட்டின் நேர்வழித் தோன்றலே நாம் இன்று கோயிற்காடு என்றும், சாமிக்காடு என்றும் சொல்லும் தோப்பு.

சைவத்திலும் இந்நினைவு அழியவில்லை. அப்பர் பெருமான் அடைவு திருத்தாண்டகத்தில் தலங்களை அவற்றின் பெயர் முடிவு கொண்டு வகுத்துப் பாடினார் அல்லவா? அதில் காடு என்று முடியும் தலங்களுக்கென்றே ஒரு பாட்டு ஒதுக்கியிருக்கிறார். மறைக்காடு, வெண்காடு, சாய்க்காடு என்று அவர் எண்ணிச் செல்லும்போது, ஊர்களையா எண்ணுகிறார், வனங்களையா எண்ணுகிறார் என்று நமக்கு மயக்கமே உண்டாகும். அதே பதிகத்தில் பள்ளி என்று முடியும் தலங்களுள் ஒன்றாக நம் கொல்லிமலை அறைப்பள்ளியையும் வைத்துப் பாடினார். சோழநாட்டிலோ ஆரணியத் தலங்கள் ஐந்து உண்டு. திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்பூதூர் வில்வவனம். விடியற்காலை தொடங்கி அர்த்தசாமத்துக்குள் இவ்வைந்தையும் ஒரே நாளில் வணங்கும் மரபு இன்றும் உண்டு. வனம் எங்கே என்று கேட்டால் மட்டும் விடை சொல்லுவது கடினம். திருச்சுற்றில் ஒரு தலமரம் நிற்கும். வனம் முழுவதும் சுருங்கி ஒரு மரமாகி, அந்த மரத்துக்கும் சிமெண்டு மேடை கட்டி வேருக்கு நீர் போகாதபடி செய்திருப்பதை எத்தனை தலங்களில் கண்டிருக்கிறோம்!

கொல்லிமலையின்மேல் நிலை சற்று வேறு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகள் ஏறிச் சென்றால், வல்வில் ஓரி ஆண்ட மலைநாடு தொடங்குகிறது. வன்பரணர் முதலிய புலவர் பாடிய மலை, கொல்லிப்பாவையின் மலை. மலையாளி மக்கள் தம் ஊர்களை நாடு நாடாக வகுத்து வாழுகிறார்கள். வளப்பூர் நாட்டில் ஐயாற்றங்கரையில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. செம்பியன் மாதேவியார் கொடையைப் பேசும் சோழர்காலக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியதும் இப்பெருமான்மீதே. அறுத்த மீனைப் பொருத்தி உயிர்ப்பித்த பெருமான் என்று தலவரலாறு கூறும். அதனால் கோயிலையடுத்த ஆற்று மீன்களை எவரும் பிடிப்பதில்லை. பொரி போட்டு வணங்குகிறார்கள். ஒரு கதை ஓர் ஆற்றுத்துறையின் உயிர்களை நூற்றாண்டுக்கணக்கில் காத்து வந்திருக்கிறது. சட்டம் போட்டுக் காப்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

மீனுக்கு உள்ள காவலே மரத்துக்கும் உண்டு. மலைமேல் ஊர்தோறும் ஊர்த்தெய்வத்துக்கென ஒதுக்கிய சிறுகாடுகள் இருக்கின்றன. சில ஒரு களத்துமேட்டின் அளவு. சில ஏக்கர் கணக்கில் விரிந்தவை. செருப்போடு உள்ளே செல்லலாகாது, அரிவாள் படலாகாது, பட்ட மரத்தையும் வீட்டு அடுப்புக்கு எடுக்கலாகாது. இவ்வழக்கம் கொல்லிமலைக்கு மட்டும் உரியதன்று. இந்திய வனத்துறையின் முதல் தலைவராக விளங்கிய ஜெர்மானியர் டீட்ரிக் பிராண்டிஸ் 1897ஆம் ஆண்டு எழுதிய நூலில், இந்தியாவெங்கும் தாம் கண்ட தெய்வக்காடுகளைக் குறிப்பிடுகையில், அன்றைய சேலம் மாவட்டத்து மலைத்தொடர்களையும் சேர்த்துச் சொல்லுகிறார். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் சேர்வராயன் மலையிலும் உள்ள சாமிச்சோலைகள் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. பேளுக்குறிச்சியும் கொல்லிமலையும் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளன. அம்மாவட்டம் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. இத்தகைய காடுகள் முன்னர் மிகப் பலவாக இருந்தன என்று இறந்தகாலத்தில் அவர் எழுதியதுதான் கவனிக்கத்தக்கது. அன்றே குறையத் தொடங்கிவிட்டன என்பது பெறப்படும்.

குறைந்தது எதனால்? 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் பெருங்காடுகளை அரசின் காப்புக்காடுகளாக்கியது. காட்டோடு வாழ்ந்தவன் காட்டுக்கு அயலானான். சாமிக்காடுகளில் பல புறம்போக்கு என்ற பெயரில் பதிவேட்டில் ஒதுங்கின. பிறகு பயிர் மாறியது. சாமையும் கேழ்வரகும் தினையும் விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில், சேலம், இராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி புகுந்தது. மரவள்ளி காசு தந்தது. அதைக் குறை கூற நாம் யார்? ஆனால் சாமை விதைத்தவனுக்கு விதைப்பு நாளும் அறுப்பு நாளும் சாமிக்காட்டின்முன் பொங்கல் வைக்கும் நாளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பயிர் மாறியதும் அப்பிணைப்பு தளர்ந்தது.

இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது; ஆயினும் அன்பர்கள் கூடிய இவ்விடத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்லுவது? பக்தியே காரணம். வசதி வந்தவுடன் ஊரார் தம் தெய்வம் வெயிலிலும் மழையிலும் மரத்தடியில் கிடப்பது குறை என்று நினைக்கிறார்கள். நல்ல எண்ணமே. கருவறை எழுப்புகிறார்கள்; முன்மண்டபம் வேண்டும் என்கிறார்கள்; வண்டி வந்து நிற்க இடம், பந்தி பரிமாற இடம் என்று ஆண்டுக்கு நான்கு மரம் சாய்கிறது. குடமுழுக்கு நடக்கும் நாளில் கோபுரம் இருக்கிறது, காடு இல்லை. திருட்டுக் கோடரிக்குத் தப்பிய மரங்கள் திருப்பணிக்குத் தப்பவில்லை. வெயில் தாங்காமல் பின்னர் தகரக் கொட்டகை போடுகிறோம்.

திருப்பணி என்ற சொல்லுக்குக் கட்டுவது ஒன்றே பொருள் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? அப்பர் பெருமான் கையில் இருந்தது கொத்துக்கரண்டி அன்று, உழவாரப்படை. புல்லும் முள்ளும் களைந்து திருமுன்றிலைத் தூய்மை செய்ததே அவர் செய்த கைத்தொண்டு. திருப்புகலூரில் அவர் உழவாரம் செய்தபோது பொன்னும் மணியும் வெளிப்பட, அவற்றையும் புல்லோடு புல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். அவருக்கு அப்பணியைக் காட்டிக் கொடுத்தவர் திருவதிகையில் அலகிட்டு மெழுகி நந்தவனப் பணி செய்த தமக்கையார் திலகவதியார். கூலி இல்லை, பட்டயம் இல்லை, கல்லில் பெயர் வெட்டுவதும் இல்லை. இக்காலத்தார் தன்னார்வத் தொண்டர் என்று சொல்லுவோரைச் சைவம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு வணங்கியிருக்கிறது.

இந்த உழவாரம் மதிலைத் தாண்டி மலைமேல் ஏறிய வரலாறு ஒன்று நம் காலத்தில் திருவண்ணாமலையில் நடந்தது. சம்பந்தப் பெருமானின் அண்ணாமலைப் பதிகங்களில் அருவி விழுகிறது, மாங்கனியைக் குரங்கு பறிக்கிறது, யானை திரிகிறது. ஆனால் ரமண மகரிஷி 1896இல் அங்கு வந்தபின் எடுத்த பழைய நிழற்படங்களைப் பாருங்கள். பின்னால் நிற்கும் மலை மொட்டைப் பாறையும் புல்லுமாகத் தெரியும். விறகுக்கு வெட்டியும், ஆடுமாடு மேய்த்தும், கோடைதோறும் புல்லுக்குத் தீ வைத்தும் மலை அவ்வாறாயிற்று. 1980களின் இறுதியில் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்ற பெயரில் உள்ளூராரும் வெளிநாட்டு அன்பர்களும் சேர்ந்து மலைக்கு மரம் வைக்கத் தொடங்கினர். அவர்கள் நாற்றங்கால் அமைத்த இடம் எது தெரியுமா? அருணாசலேசுவரர் பெருங்கோயிலின் மதில்களுக்கு இடையே பாழ்பட்டுக் கிடந்த நிலம்! கோயிலுக்குள் முளைத்த கன்றுகள் மலைக்குச் சென்றன. மலையே இலிங்கமாகக் கருதப்படும் தலத்தில் இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி வேறில்லை.

நட்டது எளிது, காத்ததே பெரும்பாடு. ஒரு கோடைத் தீ பல ஆண்டு உழைப்பை ஒரு பிற்பகலில் கரியாக்கிவிடும். ஆகவே தீ அணைக்கும் பணியே அவர்களுக்கு மரம் நடும் பணியைவிட முதன்மையாயிற்று. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து தி ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளையார் இப்பணியைத் தொடர்ந்து நடத்தி வருகின்றனர். கோடைக்கு முன்பே புல்லை அறுத்துத் தீ தாண்டாதபடி அகன்ற தடம் விடுகிறார்கள். புகை கண்டால் ஓடி ஏறிப் பச்சைத் தழையால் அடித்து அணைக்கிறார்கள். மழைக்கு முன் குழி, மழையோடு கன்று, கன்றுகளைத் தலையில் சுமந்தே மேலேற்ற வேண்டும். வேகமாக வளரும் அயல்நாட்டு மரம் எதையும் தேடாமல், அம்மலைக்கே உரிய மரங்களின் விதையைப் பொறுக்கி முளைக்க வைக்கிறார்கள். இவ்வாறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்ததனால், வெயிலில் வெந்த சரிவுகள் பல இன்று பச்சை போர்த்து நிற்கின்றன.

இதனால் எல்லாம் நலமாயிற்று என்று சொல்ல வரவில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், திருவண்ணாமலையின் சரிவில் மண் பெயர்ந்து வீடு ஒன்றின்மேல் விழ, குழந்தைகள் உட்பட எழுவர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 13இல் நிகழ்ந்த கார்த்திகைத் தீபத்துக்கு அன்பர்கள் மலையேற அனுமதி வழங்கப்படவில்லை. மரம் எல்லாச் சரிவையும் தடுக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மலைச்சரிவில் வீடு கட்டியதும், பல்லாயிரம் கால்கள் ஒரே தடத்தில் ஏறி மண்ணைத் தளர்த்துவதும் வேறு கணக்கு. ஆயினும் மொட்டை மலையில் விழும் மழை எப்படி இறங்கும் என்பதைக் கொல்லி அடிவாரத்து உழவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசும் மெல்ல மனம் மாறி வந்திருக்கிறது. 1988இன் தேசிய வனக் கொள்கையும் அதை ஒட்டி 1990இல் வந்த ஆணையும் ஊராரையும் சேர்த்துக் காட்டைக் காக்கச் சொல்லின. தமிழ்நாட்டில் 1997 முதல் காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் ஏற்பட்டன. 2006இன் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோர் தம் சமூகக் காட்டைக் காத்துப் பேணும் உரிமையை ஏற்றுக்கொண்டது. 2025ஆம் ஆண்டிலோ திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில், 4.97 ஹெக்டேர் பரப்புள்ள வீரகோயில் காடு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஏக்கர். ஒரு சிற்றூரார் தம் சாமிக்கு அஞ்சிக் காத்த துண்டுக்காடு அரசிதழில் ஏறியிருக்கிறது.

இனி நம் ஊர் நிலைக்கு வருவோம். சனிக்கிழமைச் சந்தைக்கு மிளகும் கடுகும் சீரகமும் வாங்க வருவோர் பழனியாண்டவனையும் வணங்கிச் செல்லுகின்றனர். மரக்கன்று தருவோரும் அவர்களுள் உண்டு. கன்றை நட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சித்திரையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார் யார் என்று அக்கன்றுதான் கேட்க வேண்டும். மேலும், கோயிற்காட்டைச் சீர்செய்தல் என்பது அங்கே பூங்கா வைப்பது அன்று. உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் அதை வேரோடு களைந்தால், பறவை எச்சத்தில் விழுந்து காத்திருக்கும் விதை தானே முளைக்கும். களைவதற்கு ஆள் வேண்டும்; நடுவதற்கு அத்துணை ஆள் வேண்டா. உழவாரத் திருக்கூட்டத்தார் தூண்களைக் கழுவி முடித்தபின், ஒரு நாழிகை மலைச்சரிவின் பக்கம் திரும்பினால் அவர்கள் கையிலிருக்கும் கருவியே இதற்கும் போதும்.

திருவாரூரில் தண்டியடிகள் கமலாலயத் திருக்குளம் தூர்ந்து வருவதைக் கேட்டு அதனைத் தோண்டப் புகுந்தார். அவருக்குக் கண் தெரியாது. கரையிலும் குளத்திலும் தறி நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்து, அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை எடுத்து, அதைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். சமணர் வந்து, மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மாளும் என்று தடுத்தனர். மறுப்பவர் அக்காலத்திலும் இருந்தனர். அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. அடிகள் வாதாடினார், ஆனால் கூடையைக் கீழே வைக்கவில்லை. கண் வந்தது பின்னர். குளம் இன்றும் இருக்கிறது.

மாசி பிறந்தால் கூவைமலைப் புல்லும் காய்ந்துவிடும். தீத்தடம் அறுப்பதற்கு அதற்கு முன்னரே நாள் பார்க்க வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.