பனிக்கட்டி சென்ற வழி

பாஸ்டன் மாநகரின் வடமேற்கே, ஏல்வைஃப் நிலையத்தருகே தொடங்கி, ஆர்லிங்டன், லெக்ஸிங்டன் ஆகிய ஊர்களைக் கடந்து பெட்ஃபோர்டில் முடியும் மினிட்மேன் சைக்கிள் பாதை ஏறக்குறைய 10 மைல் நீளமுள்ளது. வசந்தத்தின் தொடக்கத்தில், மேப்பிள் மரங்கள் இலை விடுமுன்னரே செந்நிறமாய்ப் பூத்து நிற்கும் வேளையில், அவசரமின்றி அவ்வழியே மிதித்துச் செல்பவர் கடுமையான ஏற்றம் எதையும் காணாததற்குக் காரணம், லெக்ஸிங்டன் வரை 1846இலும் அதற்கப்பால் பின்னரும் ரயில் ஓடுவதற்காகச் சமன்செய்யப்பட்ட தடம் அது என்பதே.

ஆர்லிங்டனில் பாதையை ஒட்டி ஸ்பை குளம் விரிந்து கிடக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், குளிர்காலத்தில் அந்நீர் உறைந்து இறுகியதும், மேற்படிந்த பனியை வழித்துத் தள்ளி, நதானியல் வைத் 1825 வாக்கில் அமைத்த, குதிரை இழுக்கும் வெட்டுக் கலப்பையால் சதுரங்கப் பலகை போல் நெடுக்கும் குறுக்குமாகக் கீறி, ரம்பத்தாலும் கடப்பாரையாலும் பாளங்களைப் பெயர்த்து, கரையோரக் கிடங்குகளில் மரத்தூளிட்டு அடுக்குவார்கள்; அவற்றைத் துறைமுகம் சேர்த்ததில் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. ரயில் வருமுன்பே, பிரெடரிக் டியூடர் என்னும் பாஸ்டன் வர்த்தகர், 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பிய 180 டன் பனிக்கட்டி, நான்கு மாதக் கடற்பிரயாணத்திலும் பாதிக்கு மேல் கரையாமல் போய்ச் சேர்ந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையிலும் அவர் ஒரு கிடங்கு எழுப்பினார். பின்னாளில், 1897இல், சுவாமி விவேகானந்தர் தங்கிச் சென்ற அக்கட்டடத்தால்தான் அந்தப் பேட்டைக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

பாதையின் பெயரோ, அழைத்த நிமிஷத்தில் ஆயுதமேந்தத் தயாராயிருந்த குடிப்படையினரைக் குறிப்பது. 1775 ஏப்ரல் 19ஆம் தேதி விடியற்காலையில், லெக்ஸிங்டன் பசும்புல் திடலில் ஆங்கிலேயப் படையுடன் நேர்ந்த மோதலில் உள்ளூர்க் குடிப்படையினர் எட்டுப் பேர் மாண்டனர். அன்று பிற்பகல், பின்வாங்கிய ஆங்கிலேயப் படை, அப்போது மெனாட்டமி எனப்பட்ட ஆர்லிங்டனைக் கடந்தபோது, ஜேஸன் ரஸ்ஸல் என்னும் கால் ஊனமுற்ற முதியவரும் வேறு பதினொருவரும் அவரது வீட்டிலும் முற்றத்திலுமாக உயிரிழந்தனர். குண்டு துளைத்த வடுக்களுடன் அவ்வீடு இன்றும் நிற்கிறது. வீரரின் தியாகம் வணங்கத்தக்கது. ஆயினும், என் மனம் உறைந்த குளத்தின்மேல் நின்று பாளம் பெயர்த்த, பெயர் அறியப்படாத தொழிலாளரிடமே அதிகம் செல்கிறது.

சைக்கிள் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. அமெரிக்காவின் முதல் சைக்கிள் சங்கம் 1878இல் பாஸ்டனில் ஸ்தாபிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் உருவான தேசிய சங்கம், மோட்டார் வாகனம் தலைகாட்டுமுன்பே, சேறும் பள்ளமுமாய்க் கிடந்த சாலைகளைச் செப்பனிடுமாறு கிளர்ச்சி செய்தது. மினிட்மேன் தடத்தில் 1977இல் பிரயாணிகள் ரயில் நின்றபின், புதர் மண்டிய அத்தடத்தைச் சைக்கிளுக்கு உரியதாக்கும் பணி 1993இல்தான் நிறைவுற்றது.

பெட்ஃபோர்டுக்கு அப்பால் இன்னொரு பழைய தடம் வடக்கே போகிறது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டே அடி அகலம் விட்டு, 1877இல் பில்லரிக்கா வரை போட்ட குட்டி ரயில், சில மாதங்களுக்குள் கடனில் மூழ்கவே, அதன் எஞ்சினும் தண்டவாளமும் மெயின் மாகாணத்துக்கு விலையாகிப் போயின. தார் போடாத அத்தடத்திலும் இப்போது சைக்கிள் செல்லலாம். பொழுதிருப்பவர்கள் பெட்ஃபோர்டோடு திரும்பிவிடாமல், அதையும் பார்த்து வருவது நலம்.